நிற்காத முடிச்சு

மூன்றாவது முடிச்சும் நிற்கவில்லை. தங்கப்பாண்டியன் கைப்பிடியைச் சுற்றினார். ரீல் சுற்றியதே தவிர, தூண்டில் நரம்பு ஏறவில்லை.

பட்டாளத்தில் ஆற்றுக்குக் குறுக்கே கயிறு கட்டி ஆளைக் கடத்தியவர் அவர். தன் முடிச்சை அவிழ்க்க ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆள் கிடையாது என்பது அவர் கட்சி. வாயும் வயிறுமாக வந்திருக்கும் மகள் மாரிச்செல்வி விரால் குழம்பு கேட்டுவிட்டாள். கண்மாய் நிறைந்து கிடக்கிறது. புதுத் தூண்டிலும் வாங்கியாயிற்று. நரம்பை ரீலில் ஏற்றுவதுதான் பாக்கி.

வாசலுக்கு வெளியே மருமகன் கௌதம்ராஜ் பைக்கில் சாய்ந்து நின்றிருந்தான். ராஜபாளையத்துப் பையன், மாரிச்செல்வி தானாகத் தேடிக்கொண்ட மாப்பிள்ளை. கல்யாணமாகி இரண்டு வருடமாயிற்று, மாமனார் வாயிலிருந்து இன்னும் ‘வாங்க’ வரவில்லை. அழைக்காத வீட்டில் எப்படிக் கால் வைப்பது? பெண்டாட்டியை இறக்கிவிட்டு, அவள் திரும்பும்வரை வெயிலிலேயே நிற்பான். மாமியார் வெள்ளத்தாய் கொடுத்தனுப்பும் தண்ணீரையும் தொடமாட்டான். ரோஷத்தில் மாமனுக்கு மருமகன் இளைத்தவனில்லை.

வெள்ளத்தாய் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

“வாசல்ல நிக்குத அவியளுக்கு இந்தச் சோலி அத்துப்படியாம். செத்த காட்டுங்களேன்.”

“நான் கட்டாத முடிச்சையா அவன் கட்டப்போறான்?”

இரட்டை முடிச்சு போட்டார். அதுவும் வழுக்கியது. சைக்கிள் ட்யூபை வெட்டி ரீலின் உருளையில் சுற்றி, அதன்மேல் கட்டினார். நரம்பு ட்யூபுக்கு அடியில் புகுந்து சிக்கலாகிவிட்டது. கடைசியில் பசையை ஊற்றினார். பசை நன்றாகவே பிடித்தது, அவர் கட்டைவிரலை.

விரலும் ரீலுமாக உட்கார்ந்திருந்தவரைப் பார்த்து மாரிச்செல்வி சிரிக்கவில்லை. “விரால் இன்னொரு நாளைக்கிச் சாப்பிட்டுக்கிடுதேம்ப்பா” என்றாள். அதுதான் அவரைச் சுட்டது. பிள்ளை ஆசையாய்க் கேட்டது ஒன்றே ஒன்று.

வாசலைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

“மாப்ள... செத்த உள்ள வாங்க.”

கௌதம்ராஜ் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தான். வெந்நீரில் விரலை ஊறவைத்துப் பக்குவமாகப் பிரித்தெடுத்தான். ட்யூபை அறுத்துப் போட்டான். மாமனாரையே பழையபடி ஒரு முடிச்சு போடச் சொல்லி, ரீலின் தலையில் இருந்த திருகை இரண்டு விரலால் இறுக்கினான். நரம்பு வரிசை பிசகாமல் ஏறியது.

“ஒங்க முடிச்சு கல்லாட்டம் இருக்கு மாமா. இந்தத் திருகு தளந்து கிடந்தா உருளையே நழுவும். அதான்.”

தங்கப்பாண்டியனுக்குப் பாதி உயிர் திரும்பியது. நேற்றுக் கடையிலிருந்து வந்த புது ரீலில் திருகு எப்படித் தளரும் என்று கடைக்காரனைத் திட்டத் தொடங்கினார்.

வெள்ளத்தாய் தண்ணீர்ச் செம்பை மருமகன் கையில் கொடுத்தாள்.

“கடைக்காரனை எதுக்கு வையுதிய? காலையில நாந்தான் தளத்தி வச்சேன். பொறவு எப்படி ஒங்க வாயில இருந்து ‘வாங்க’ வரும்?”