தொலேதோ பார்த்து வந்தவர்

தூரதேசத்துக் கல்லுக்குக் கண்ணீர் விடுகிற மனிதர் என்று ஒரு வகை உண்டு, வாசகரே. விடுமுறைக் காலத்தில் கிழக்கிலங்கைச் சாய்ந்தமருதுப் பக்கம் வந்தால், ஒவ்வொரு சந்திலும், எங்கள் பேச்சில் ஒழுங்கை, அப்படி ஒருவரைக் காணலாம். எங்கள் ஒழுங்கைக்கு வாய்த்தவர் லண்டன் மர்சூக்.

போன வருடம் ஸ்பெயினில், தொலேதோ நகரில், ஒரு சின்னத் தேவாலயத்தைப் பார்த்துவிட்டார். பிடித்தது சனியன். ஆயிரம் வருடத்துக்கு முன் பள்ளிவாசலாகக் கட்டியதாம், ஊரைப் பிடித்த கிறிஸ்தவர்கள் அதைத் தேவாலயமாக்கினார்களாம், ஆக்கினாலும் லாட வளைவுகளை இடிக்கவில்லையாம், பின்னால் தாங்கள் சேர்த்துக் கட்டிய பகுதியையும் அதே செங்கல் வளைவுகளோடு இசைய வைத்தார்களாம், உள்ளே நாலே தூணாம், மேலே ஒன்பது கவிகூரையாம், ஒன்றைப் போல் மற்றதில்லையாம். கல்யாண வீட்டில் எல்லோரும் ஒரே சகன் தட்டைச் சுற்றி உட்கார்ந்ததும், அந்தப் படங்களைக் காட்டத் தொலைபேசியை நெய்ச்சோற்றுக்கு மேலே நீட்டுவார். மற்றவர்கள் தலையை ஆட்டுவார்கள், கை நிற்காது. பாதிக் கூரைக்கு வருமுன் இறைச்சி முடிந்துவிடும். அவர் கண் கலங்கும். எதற்கென்று யார் கண்டது?

“மத்த மார்க்கத்தாக்கள், இடிக்காம வெச்சிரிக்காங்க” என்பார்.

இந்தக் கண்ணீரை நம்பிப் போனவர், கடற்கரைத் தைக்காவைப் பராமரிக்கும் அச்சிமுகம்மது மரைக்கார். சின்னத் தொழுகையிடம்தான். உருண்டைத் தூண்கள், சுண்ணாம்புச் சாந்து, ஓட்டுக் கூரை, சுனாமியிலும் சரியாதது. அதைத் திருத்துவதா, இடித்துப் புதிதாய்க் கட்டுவதா என்று வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பின் கூட்டம் வைத்தார்கள். இடிக்க வேண்டாம் என்று வாதாடத் தனக்கொரு படித்த ஆள் கிடைத்த சந்தோஷத்தில், மரைக்கார் மர்சூக்கை முன்வரிசையில் இருத்தினார்.

மர்சூக் எழும்பினார். தொலேதோவில் தொடங்கினார். லாட வளைவில் குரல் தழுதழுத்தது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, தைக்காவை இடித்துவிட்டு நாலு மினாராவும் நடுவில் தங்க நிறக் குவிமாடமாய் ஒரு குப்பாவும் சுவரெல்லாம் மாபிள் கல்லும் வைக்க வேண்டும் என்றார்.

மரைக்கார் அவர் கையைப் பிடித்தார். “மகன், அந்தத் தூணுக்கு அழுதீங்களே. இதுவும் தூண்தானே?”

“மாமா, அதப் பாக்க உலகமே வருது. இத ஆர் வந்து பாக்கிற?”

“நாங்க பாக்கிறதானே.”

சபை சிரித்தது. மாபிள் வென்றது. இடிக்கிற இயந்திரம் வந்த அன்று மரைக்கார் வீட்டை விட்டு வெளிக்கிடவில்லை. மர்சூக் மட்டும் வெயிலில் நின்று, தூண் சரிவதை நல்ல கோணத்தில் வீடியோ எடுத்தார்.

சிரியுங்கள், வாசகரே. அதற்கு முன் ஒன்று: கடைசியாக ஊருக்கு வந்து நின்றபோது, வாப்பாவோ வாப்பாவின் வாப்பாவோ கட்டிய எதைப் பார்த்து, “இத இடிச்சிட்டு...” என்று நீங்கள் கதையைத் தொடங்கினீர்கள்?