மல்லிகைக்கு முடிவெட்டு

"ஐயையோ, போச்சு! எல்லாம் போச்சு!"

காலையில் பல் துலக்கியபடி தோட்டத்துப் பக்கம் போன சலூன்காரர் போட்ட சத்தத்தில், வாயிலிருந்த நுரை சட்டையில் விழுந்தது. மாமியார் போன வருஷம் ஆசையாகக் கொடுத்தனுப்பிய மல்லிகைச் செடி, உறைபனியில் இலையெல்லாம் கறுத்து, தொட்டியோடு விறைத்து நின்றது. மாமியாரோ இன்று மதியம் வருகிறார்.

பனிக்காலம் முழுக்கச் சாயங்காலமானால் தொட்டியை வீட்டுக்குள் தூக்கி வைப்பது அவர் பொறுப்பு.

"நேத்து உள்ளே வெச்சேனே! சத்தியமா வெச்சேன்!"

"அப்போ அதுவா நடந்து வெளியே போச்சா?" என்றாள் மனைவி, சமையலறையிலிருந்து. "மறந்திருப்பீங்க. நாள் பூரா நின்னு வேலை பாக்கிறீங்க, மறதி வரத்தானே செய்யும்."

"உங்கம்மா போன்ல என் சவுக்கியத்தைக் கூட விசாரிக்கிறதில்ல, செடி எப்படி இருக்குன்னுதான் கேக்கிறாங்க! இப்ப எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு எதிர்ல நிக்கிறது?"

"விடுங்க. பட்டுப்போச்சுன்னு உள்ளதைச் சொல்லிடலாம். அம்மாவை நான் பாத்துக்கிறேன்."

இப்படி ஒரு மனைவி யாருக்குக் கிடைப்பாள்? சலூன்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. அவளுக்காகவாவது செடியைப் பிழைக்க வைத்தே தீருவது என்று கத்தரிக்கோலை எடுத்தார்.

கறுத்த இலைகளை மட்டும் வெட்டத்தான் ஆரம்பித்தார். இடது பக்கம் கொஞ்சம் ஆழமாக இறங்கிவிட்டது. அதைச் சரிக்கட்ட வலது பக்கம் வெட்டினார். இப்போது இடது பக்கம் தூக்கலாகத் தெரிந்தது. தொழில் புத்தி, இரண்டு பக்கமும் ஒன்றுபோல் வராமல் அவரால் கையை எடுக்க முடியாது. எடுத்தபோது, உச்சியில் நாலு இலை தவிரச் செடி மொட்டையாக நின்றது.

அந்த நாலையாவது காப்பாற்றலாம் என்று ஹேர் டிரையரைக் கொண்டுவந்து சூடு காட்டினார். நாலும் சருகாகிக் கையோடு வந்துவிட்டன.

"என்னங்க, ஏதோ கருகுற வாடை?"

"ஒண்ணுமில்ல! துண்டு காயவைக்கிறேன்!"

மனைவி தன் அம்மாவை அழைத்துவர ரயில் நிலையத்துக்குக் கிளம்பினாள். அவள் தெருமுனை தாண்டியதுதான் தாமதம், சலூன்காரர் செடி விற்கும் கடைக்கு ஓடினார்.

"இடுப்பு உசரத்துல ஒரு மல்லிகை வேணும். உடனே!"

"கண்ணாடிக் கூடாரத்துல ஒண்ணு இருக்கு. ஆனா அது பூத்துக் கிடக்கு, விலை கொஞ்சம்..."

"பூத்ததா? அதைத்தான் எடுங்க!"

மொட்டைச் செடியைச் சுவருக்குப் பின்னால் எறிந்துவிட்டு, புதியதைப் பழைய தொட்டியில் நட்டு, மண்ணை அமுக்கி, கையைக் கழுவவும் வாசலில் டாக்ஸி வரவும் சரியாக இருந்தது.

மாமியார் நேராகத் தோட்டத்துக்குத்தான் வந்தார்.

"அடேயப்பா! இந்தக் குளிர்ல இப்படிப் பூத்திருக்கே! என்ன வாசனை!"

சலூன்காரர் பெருமையாக மனைவியைப் பார்த்துக் கண்ணடித்தார். அவள் பேயறைந்தவள் போல நின்றாள்.

"இப்பதான் மாப்பிள்ளை எனக்கு மனசு நிம்மதியாச்சு," என்றார் மாமியார். "இந்த ஊர்க் குளிர் என் உடம்புக்கு ஒத்துக்குமான்னு ஒரே பயம். அதான் எங்க வீட்டு மல்லிகையை முதல்ல அனுப்பிப் பார்த்தேன். அது தாங்கினா நானும் தாங்குவேன்னு இவகிட்ட அப்பவே சொல்லிட்டேன். இனிமே நிரந்தரமா இங்கேதான்! டிரைவர் தம்பி, பெட்டி எல்லாத்தையும் இறக்குங்க!"

டாக்ஸியிலிருந்து பெட்டிகள் இறங்கின. இறங்கிக்கொண்டே இருந்தன. மாமியார் எண்ணிப் பார்க்க வாசலுக்குப் போனார்.

சலூன்காரர் மனைவி பக்கம் திரும்பினார். "இதை... இதை ஏம்மா நீ எங்கிட்ட சொல்லல?"

"பெத்தவ வரவேண்டாம்னு எந்த வாயால சொல்றது?" என்று அழாக்குறையாகப் பல்லைக் கடித்தாள் மனைவி. "அதான் நேத்து நீங்க உள்ளே வெச்ச தொட்டியை, நான் மறுபடியும் வெளியே தூக்கி வெச்சேன்!"