தானாகப் போகும் பலகை

"மச்சான், தள்ளுங்களன்!" என்று கத்தினான் றிம்சான். மெஷின் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது.

"இந்தா வாறன்," என்றான் சீனிமுகம்மது. அவன் இன்னும் பலகையின் மறுமுனையில் குனிந்தபடியே நின்றான்.

கல்முனைக்குடியில் றிம்சானின் தளபாடப் பட்டறையில் வேலைக்கு இவர்கள் இருவர்தான். எட்டடிப் பலகையைப் பெனல் சோ என்ற அறுக்கும் மெஷினில் அறுக்க, ஒருவர் தள்ள வேண்டும். ஒருவர் தாங்க வேண்டும். தள்ளும் சீனிமுகம்மது சுணங்கினால் றிம்சானும் காத்துக் கிடக்க வேண்டும். மருதமுனை நஸீறாவின் மகளுக்கு வெள்ளிக்கிழமை நிக்காஹ். அவளுடைய புது வீட்டுக் குசினி அலுமாரிகள் புதன்கிழமைக்குள் போய்ச் சேர வேண்டும்.

வெளிநாட்டுத் தொழிற்சாலை ஒன்றில் பலகைகள் யார் கையும் படாமல் தாமாகவே வாளுக்குப் போவதை றிம்சான் போனில் பார்த்திருந்தான்.

"இனி நீங்க தள்ளத் தேவையில்ல மச்சான். கதவுக்குப் பிணைச்சல் பூட்டுற வேலையப் பாருங்க."

சீனிமுகம்மது ஏதோ சொல்ல வாயெடுத்தான். பிறகு, "ஓம், நீங்க சொன்னாச் சரி," என்று திருப்புளியை எடுத்துக்கொண்டு மூலைக்குப் போனான்.

றிம்சான் பி.வி.சி. குழாய்களை உருளைகளாக வெட்டி, மெஷினுக்கு முன்னால் சரிவான மேசையொன்றில் வரிசையாகப் பூட்டினான். முதல் பலகையை வைத்தான். அது மெஷினைத் தாண்டி, வாசலைத் தாண்டி, ஒழுங்கையில் போய் நின்றது.

பட்டறையை ஒட்டிய வீட்டுக் குசினிக்குள்ளிருந்து அவன் மனைவி றாபியா எட்டிப் பார்த்தாள். "பலகைக்கு எங்க போக இவ்வளவு அவசரம்?"

வேகத்தைக் குறைக்க றிம்சான் உருளைகளுக்குச் சைக்கிள் டியூப்பைச் சுற்றினான். அடுத்த பலகை பாதியில் இறுகி நின்று, வாள் சூடேறிப் புகைந்தது. பட்டறை முழுக்கக் கருகல் மணம்.

"அடுப்பில என்னவும் வெச்சிருக்கியா?" என்று கேட்டான் றிம்சான்.

"அடுப்பு அணைஞ்சு கிடக்கு. கருகிறது உங்கட மெஷின்தான்," என்றாள் றாபியா.

மூன்றாவது தடவை சரிவைக் குறைத்து, பாதி உருளைகளுக்கு மட்டும் டியூப் சுற்றினான். பலகை மெல்ல நகர்ந்து, நூல் பிடித்தது போல் நேராக அறுபட்டது. ஒன்று அறுபடும்போதே அடுத்தது வந்து நின்றது. அளவைக் குறிப்பதும் அறுப்பதும் றிம்சான் ஒருவனே. இரண்டு நாள் வேலை மதியம் லுஹர் தொழுகைக்கு முன் முடிந்துவிட்டது. அவனுக்குச் சந்தோசத்தில் சோறே இறங்கவில்லை.

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு நஸீறா அலுமாரி பார்க்க வந்தார். அவர் கண்முன்னாலேயே இருவரும் பூட்டத் தொடங்கினார்கள். பக்கப் பலகைகள் நின்றன. மேல் பலகை போய்ச் சேரவில்லை. ஒரு அங்குலம் கட்டை. அடுத்ததும் கட்டை. அதற்கடுத்ததும்.

"உருளை இழுத்திட்டுது போல," என்றான் றிம்சான், வியர்வையைத் துடைத்துக்கொண்டு.

சீனிமுகம்மது ஒவ்வொன்றாக அளந்தான். "இல்ல. உங்கட கோட்டிலதான் அறுபட்டிருக்கு. மெஷின்ல ஒரு பிழையுமில்ல."

நஸீறா கதிரையில் உட்கார்ந்துவிட்டார். "என்ட மூத்த மகள்ட குசினியும் நீங்க ரெண்டு பேருந்தானே செஞ்ச? அதில ஒரு நூல் பிசகல்லியே தம்பி!"

சீனிமுகம்மது திருப்புளியைக் கீழே வைத்தான்.

"அப்பெல்லாம் மச்சான் போட்ட கோட்டை நான் அழிச்சி, திரும்ப அளந்து போட்டுப்போட்டுத்தான் ராத்தா பலகையத் தள்ளுற."