என் வீட்டை மட்டும் பழைய தொகுதியிலேயே விட்டுவிடு

தொகுதி மறுவரையறை ஆணையத்தில் வரைபடப் பிரிவைக் கட்டி ஆளும் என் அருமை மச்சானுக்கு, உன் அக்காள் புருஷன் எழுதிக்கொண்டது.

இங்கு நாங்கள் நலம். உன் நலத்தை விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை. ஆனால் உன் அக்காள் பக்கத்திலேயே நிற்பதால் விசாரிக்கிறேன்: நலமா?

விஷயத்துக்கு வருகிறேன். கண்ணாடி ஆலைக்காரர்களின் தெருக்கள் இதுவரை மூன்று தொகுதிகளில் சிதறிக் கிடந்தன, வீட்டில் வேறு மொழி பேசும் அவர்கள் மூன்றிலும் கொஞ்சம் பேர்தான், அதனால் அவர்களில் ஒருவர்கூடச் சட்டசபையில் உட்கார்ந்ததில்லை என்று சொல்லி, எல்லாத் தெருவையும் ஒரே தொகுதியாகச் சேர்த்துப் புது வரைபடம் போட்டிருக்கிறாய். நியாயம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதில் ஒரு தெருவின் முனையில் உன் அக்காள் குடியிருப்பது உனக்கு ஞாபகம் வரவில்லையா? விருந்துக்கு வரும்போது மட்டும் வழி தெரிகிறதே! பிறந்ததிலிருந்து பெரும்பான்மையாக இருந்தவன் நான். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தேன், எழுந்து பார்த்தால் சிறுபான்மை. எங்கள் வீட்டருகே எல்லைக்கோட்டை லேசாக உள்பக்கம் வளைத்தால் தீர்ந்தது. குடிநீர் வாரியத்தில் காலம் தள்ளியவன் சொல்கிறேன், இரும்புக் குழாயையே வளைக்கலாம், பென்சில் கோடு எம்மாத்திரம்?

உன் தயவு எதற்கு என்று நேற்று கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு நானே போனேன். வாசலில் டோக்கன் கொடுத்த பெண், "சார், புதுத் தொகுதியில உங்க ஆளுங்க அதிகமா, கம்மியா?" என்றாள். "கம்மி" என்றேன். ஒரு வரிசையைக் காட்டினாள். போய் நின்றால் முன்னும் பின்னும் கண்ணாடி ஆலைக்காரர்கள். எங்கள் எதிர்வீட்டு உலை மேஸ்திரி, இத்தனை வருஷமும் நான் தலையசைப்பதோடு நிறுத்திக்கொண்ட மனிதர், தன் நாற்காலியை எனக்குக் கொடுத்தார். "உக்காருங்க சார். நாங்க பொறந்ததுலேருந்து இந்த வரிசையிலதான் நிக்கறோம். நீங்க இன்னிக்குத்தான் வந்திருக்கீங்க. போகப்போகப் பழகிடும்" என்றார். கேலியா ஆறுதலா என்று இன்னும் பிடிபடவில்லை.

முதலில் அந்த மூன்று தொகுதிகளின் இப்போதைய சட்டசபை உறுப்பினர்கள் மூவரும் பேசினார்கள். புது வரைபடத்தைக் குப்பையில் போட்டுவிட்டுப் பழையபடி மூன்றாகவே வெட்டுங்கள் என்றார்கள். உங்கள் ஆணையத் தலைவரும் தலையாட்டிக்கொண்டிருந்தார். பிறகு என் முறை. என் குரல் உனக்குத் தெரியும், மைக்கே தேவையில்லை. "ஐயா, ஒரு குடும்பம் எந்தத் தேர்தல்ல ஓட்டுப் போட்டாலும் அதோட ஆள் ஜெயிக்கவே முடியாதுன்னா, அந்த ஓட்டு எதுக்குங்க? எண்ணிக்கையில குறைஞ்சவன் பேச்சு யார் காதுல விழும்?" என்று பொரிந்து தள்ளினேன். நான் சொன்னது எங்கள் குடும்பத்தை. ஆனால் வரிசை முழுக்க எழுந்து கைதட்டியது. மேஸ்திரி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "புது வரைபடத்துக்கு ஆதரவா இவ்வளவு தெளிவா யாரும் பேசல" என்று தலைவர் குறித்துக்கொண்டார். "ஐயா, நான் எதிர்ப்பு" என்பதற்குள் மைக் கைமாறிவிட்டது.

ஆக, உன் வரைபடத்துக்கு முதல் சாட்சி நான்தான். நாளையும் கூட்டம் உண்டு, அதில் சாட்சியத்தைத் திரும்பப் பெறலாமாம், பெறத்தான் போகிறேன். பெற்றால் வரைபடம் நிற்காது என்கிறார்கள். அது என் கவலையில்லை. நீயே கோட்டை வளைத்துவிட்டால் எனக்கு அலைச்சல் மிச்சம். இதை உன் அக்காளிடம் சொன்னேன். "அவன் கோட்டைச் சரியாத்தான் போட்டிருக்கான். நீங்கதான் கோணல்" என்றாள். உங்கள் வம்சத்துக்கே வாய் நீளம்.

உன் மனைவிக்கு என் அன்பு. குழந்தைக்கு ஆசிகள். உன் வலது கைக்கும் ஆசிகள், இனியாவது சொந்தபந்தம் பார்த்து வரையட்டும்.

இப்படிக்கு,
தோல்வி என்பதையே அறியாத உன் அத்தான்

பி.கு.: உறையை ஒட்டப் பசை தேடிக்கொண்டிருந்தபோது மேஸ்திரி வந்தார். நான் பின்வாங்கப் போவது அவர் காதுக்கு எட்டியிருக்கிறது, எட்ட வைத்தது யார் என்று உன் அக்காளைக் கேள். சண்டைக்கு வருகிறார் என்று நினைத்தேன். "சாட்சியத்தைத் திரும்ப வாங்கறது உங்க இஷ்டம் சார். அதுக்கும் அதே வரிசைதான். கூட்டமா இருக்கும், உங்களுக்கு இடம் போட்டு வைக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நம் ஆள், நம் ஆள் என்று நான் இத்தனை காலம் ஓட்டுப் போட்ட உறுப்பினருக்கு என் வீடு எந்தத் தெருவில் என்றாவது தெரியுமா? வெட்கமாகிவிட்டது, மச்சான். மேலே எழுதியதை மறந்துவிடு, காகிதத்தை வீணாக்க மனமில்லாமல்தான் அனுப்புகிறேன். அந்தக் கோட்டில் கை வைத்தாயோ, தொலைத்துவிடுவேன். நாளை அந்த வரிசைக்குப் போகத்தான் போகிறேன். அதே பேச்சைத்தான் பேசப் போகிறேன், இந்தத் தடவை எதிர்வீட்டுக்காக.