கூரையைப் பார்க்க உகந்த மாதம்

மனிதகுலம் நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது. ஆனால் வெப்பமண்டலத் தீவு ஒன்றுக்குப் போக ஆண்டின் மிகச் சிறந்த வாரம் எது என்பதைக் கண்டுபிடிக்க எங்கள் ‘கட்டட ஆய்வுக் குழு’ வரவேண்டியிருந்தது. அதன் செயலாளர் என்ற முறையில் இந்தச் சாதனையை அடக்கத்தோடு பதிவு செய்கிறேன்.

தீவில் ஒரே சுகாதார நிலையம், அதில் ஒரே நர்ஸ். அந்த அம்மா செப்டம்பரில் ஒரு கடிதம் எழுதினார். பிரசவ அறையின் கூரை ஒழுகுகிறது. நடுவில் காரை வயிறு தள்ளி நிற்கிறது. கீழே பிரசவ மேசை. அடுத்த மாதம் மழை பிடித்துக்கொள்ளும், அப்போது வந்தால் நேரிலேயே பார்க்கலாம், என்றைக்கு யார் தலையில் விழுமோ என்று பயமாக இருக்கிறது.

கடிதம் கிடைத்த அன்றே போர்க்கால வேகத்தில் கூட்டம் கூட்டினோம். குழுவின் தலைவரான தலைமைப் பொறியாளர் நடுநாயகமாக உட்கார்ந்தார். பக்கத்தில் உதவிப் பொறியாளர். அலுவலகத்துக்குள்ளும் குடையோடு திரிவதால் அவருக்குக் ‘குடை’ என்று பெயர். மேசையில் கட்டடத்தின் வரைபடம் இல்லை. பயண நிறுவனத்தின் வண்ணப் புத்தகம் இருந்தது.

“அக்டோபர் போட்டுக்கலாமா சார்?” என்று கேட்டேன்.

“மழைய்யா,” என்றார் தலைவர்.

“நவம்பர்?”

“அதுவும் மழைதான். பசங்க கடல்ல எப்படி இறங்குவாங்க?”

“பசங்களும் வர்றாங்களா சார்?”

“ஏன், கூரையைப் பெரியவங்க மட்டும்தான் பார்க்கணும்னு விதி இருக்கா?”

விதிநூலைப் புரட்டினேன். இல்லை.

டிசம்பரில் ஓட்டலில் அறை கிடைக்காது. ஜனவரியில் அலை கொஞ்சம் முரடு என்று யாரோ ஒரு புதுமணத் தம்பதி இணையத்தில் புலம்பியிருந்தார்கள். மார்ச்சில் பரீட்சை. ஏப்ரல் வெயில் அண்ணிக்கு ஒத்துக்கொள்ளாது என்றார் குடை. அண்ணி என்பது தலைவரின் மனைவி. குடைக்கு அவர் எந்த வழியிலும் அண்ணி இல்லை. ஆனால் பதவி உயர்வுக்குக் காத்திருப்பவர்களுக்குச் சொந்தபந்தம் தானாகவே பெருகும்.

மூன்று கூட்டங்கள் நடந்தன. ஈரப்பதம், கடல் நீரின் நிறம், சூரியன் மறையும் கோணம் அனைத்தையும் ‘அறிவியல்பூர்வமாக’ அலசினோம். பிப்ரவரி இரண்டாம் வாரம் என்று விடை வந்தது. தீர்மானத்தை எழுந்து நின்று நிறைவேற்றினோம்.

நர்ஸுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

“பிப்ரவரியா? அப்ப ஒரு சொட்டு மழை இருக்காதே சார்!”

“அதனாலதாம்மா வர்றோம்,” என்றார் தலைவர்.

“மழையில வந்தாத்தானே ஒழுகுறது தெரியும்?”

“மழையில வந்தா நாங்க நனைஞ்சிடுவோமே.”

“நாங்க இங்க நனைஞ்சுக்கிட்டுதானே சார் இருக்கோம்.”

“நீங்க உள்ளூர்ம்மா. உங்களுக்குப் பழகியிருக்கும்.”

அந்த மழைக்காலத்தை நர்ஸ் நான்கு வாளிகளைக் கொண்டு சமாளித்தார். நாங்கள் பிப்ரவரியில் குடும்பம் குடும்பமாகப் போய் இறங்கினோம். ஐந்து நாள் ஆய்வு. கடற்கரைக்கு நான்கு நாள். ஐந்தாம் நாள் படகு ஏறும் வழியில் சுகாதார நிலையத்துக்கு நாற்பது நிமிடம்.

பிரசவ அறை சுத்தமாக இருந்தது. தலைவர் நாற்காலி மேல் ஏறி, கூரையில் உள்ளங்கையை வைத்து, ஒரு நிமிடம் கண்ணை மூடினார். டாக்டர் நாடி பார்ப்பது போல இருந்தது.

“காஞ்சு கிடக்கு,” என்றார். குறித்துக்கொண்டேன்.

“இந்தக் கறையைப் பாருங்க சார், சுவர் முழுக்க வழிஞ்சிருக்கு,” என்றார் நர்ஸ்.

“அது போன வருஷத்துக் கறைம்மா. நாங்க இந்த வருஷத்து ஆய்வுக்கு வந்திருக்கோம்.”

“மேல ஏறி ரெண்டு குடம் தண்ணி ஊத்திக் காட்டட்டுமா?”

குடை பதறிப்போனார். “அது செயற்கை மழை. சாட்சியத்தைக் கலைச்ச மாதிரி ஆயிடும்.”

“அப்ப அந்த வயிறு தள்ளிட்டு நிக்கிற காரை?”

“பிரசவ அறையில வயிறு தள்ளி நிக்காம வேற எங்க நிக்கும்?” என்றார் தலைவர். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். நர்ஸ் சிரிக்கவில்லை. நகைச்சுவை உணர்வு குறைவு என்று அதையும் குறித்துக்கொண்டேன்.

‘கசிவு ஏதும் இல்லை. அறை முற்றிலும் பாதுகாப்பானது’ என்று அறிக்கை தந்தோம். ஐந்து கையெழுத்து, நாலு முத்திரை, பின்னிணைப்பாகச் சூரியன் மறையும் படம்.

அக்டோபரில் மழை, எங்கள் அறிக்கையைப் படிக்காமலேயே தீவுக்கு வந்தது. மூன்றாம் நாள் பகலில் பிரசவ அறையின் கூரையில் பாதி பெயர்ந்து மேசை மேல் விழுந்து மேசை இரண்டாக உடைந்தது. மேசையில் யாரும் இல்லை. வலி எடுத்து வந்த பெண்ணை ஒரு மணி நேரம் முன்னதாகவே நர்ஸ் தன் குடியிருப்பின் சமையலறைக்குக் கூட்டிப்போயிருந்தார். அங்கேயே பெண் குழந்தை பிறந்தது. தாயும் சேயும் நலம்.

செய்தி கேட்டு அலுவலகமே கொதித்தது. தலைவர் அன்றே நர்ஸுக்கு ஒரு மெமோ அனுப்பச் சொன்னார்: ‘முற்றிலும் பாதுகாப்பானது என்று சான்றளிக்கப்பட்ட அறையிலிருந்து நோயாளியை வெளியேற்றியது ஏன்?’

நர்ஸின் பதில் இரண்டே வரி. ‘நீங்கள் எழுதியதை நான் நம்பவில்லை. நம்பியிருந்தால் அந்தத் தாய்க்கும் பிள்ளைக்கும் சேர்த்து நீங்கள் வேறொரு அறிக்கை எழுத வேண்டியிருந்திருக்கும்.’

“பார்த்தியா, நம்பலைன்னு அவங்க வாயாலேயே ஒத்துக்கிட்டாங்க!” என்று தலைவர் மேசையைத் தட்டினார். குற்றம் இவ்வளவு சுலபமாக நிரூபணமான வழக்கு எங்கள் துறை வரலாற்றிலேயே கிடையாது.

நர்ஸை மாற்றிவிட்டோம். கூரையின் மீதிப் பாதி அதே இடத்தில் இருக்கிறது. புது மேசை ஒன்றை அதன் கீழே போட்டாயிற்று. இந்த முறை, எங்கள் அறிக்கைகளை ஒரு வரி விடாமல் நம்புகிற நர்ஸாகப் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்து அனுப்பியிருக்கிறோம்.