கடைவாய்ப் பல்லில் ஒரு சிவப்பு வட்டம்

லிஃப்ட் மெக்கானிக்குக்கு உயரம் பயமில்லை. எத்தனை மாடிக் கட்டடமானாலும் லிஃப்ட் குழிக்குள் கம்பியைப் பிடித்துக்கொண்டு சாவகாசமாக எட்டிப் பார்ப்பார். பல் டாக்டரின் நாற்காலி சாய்ந்தால் மட்டும் உயிர் போய் உயிர் வரும். அதனால் கீழ்க் கடைவாய்ப் பல்லில் வலி குடைந்து எடுத்தும், வீட்டில் அதைப் பற்றி மூச்சுவிடாமல் ஒரு பக்கமாகவே மென்றுகொண்டிருந்தார்.

மனைவிக்குப் போட்டோ ஸ்டுடியோவில் வேலை. முகங்களைப் பெரிதாக்கிப் பார்ப்பதே அவள் பிழைப்பு. அவள் கண்ணில் இது தப்புமா? ஆனால் சண்டை போடவில்லை. பல் கிளினிக்கில் புது வசதி வந்திருப்பதாகச் சொன்னாள். வாயைத் திறந்து படம் எடுத்து அனுப்பினால், செயற்கை நுண்ணறிவு பார்த்து, கெட்டுப்போன பல்லைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போடுமாம். வட்டம் விழுந்தால்தான் எக்ஸ்ரேக்குப் போக வேண்டுமாம்.

"வட்டம் விழலைன்னா?"

"உங்கள விட்டுடறேன்."

அவருக்கு உச்சி குளிர்ந்தது. பல்வலி என்று ஒரு நாள்கூடச் சொல்லாத மனைவியின் வாய் எதிரிலேயே இருந்தது. விடுமுறை நாள் காலையில் மெல்லக் குழைந்தார்.

"நீ சிரிச்சா எவ்வளவு அழகு தெரியுமா? ஒரு படம் எடுத்துக்கறேன்."

"எடுங்க."

"இன்னும் கொஞ்சம் திற. கடைவாய் வரைக்கும்."

மனைவியின் சிரிப்பைக் கடைவாய் வரை ரசித்த கணவர் உலகத்தில் அவர் ஒருவராகத்தான் இருப்பார். அவளோ ஏன், எதற்கு என்று கேட்காமல் திறந்து காட்டினாள். அப்போதே அவர் உஷாராகியிருக்க வேண்டும். பல் மட்டும் தெரியும்படி படத்தை வெட்டி, குளியலறைக் கண்ணாடி முன்னால் தானே எடுத்ததாகச் சொல்லி, அனுப்பும் வேலையை அவளிடமே கொடுத்தார். வெறும் பல்லைப் பார்த்து யாருடையது என்று யாருக்குத் தெரியப்போகிறது? அவருக்கு எல்லாப் பல்லும் ஒன்றுதான்.

சாயங்காலம் பதில் வந்தது. கடைவாய்ப் பல்லைச் சுற்றிச் சிவப்பு வட்டம். ஆழமான சொத்தை.

அவருக்குக் கைகால் ஓடவில்லை. பாவம், இவளுக்கா! அதுவும் தனக்கு வலிக்கும் அதே இடத்தில். இதுதான் தாம்பத்தியம் போலிருக்கிறது என்று நெகிழ்ந்துபோனார். ஒரு நாற்காலிக்குப் பயந்து இப்படியொரு காரியம் செய்துவிட்டோமே என்று மனசு அடித்துக்கொண்டது. உண்மையைச் சொன்னால் தன் குட்டு வெளிப்படும். சொல்லாவிட்டால் இவள் பல் போய்விடும்.

மறுநாள் கிளினிக்கில் டாக்டரம்மா அவரைக் கூப்பிட்டதும் எழுந்து நின்றார்.

"அந்தப் படம் என்னோடது இல்ல டாக்டர். இவளோடது. இவள முதல்ல பாருங்க."

மனைவி மறுபேச்சில்லாமல் போய் உட்கார்ந்தாள். எக்ஸ்ரே உடனே திரையில் வந்தது. எல்லாப் பல்லும் பளிச்சென்று இருந்தது. எங்கேயும் சொத்தை இல்லை.

"மிஷின் தப்புப் பண்ணியிருக்கு. வா, வீட்டுக்குப் போகலாம்" என்று அவர் வாசலை நோக்கித் திரும்பினார்.

"மிஷின் மேல பழி போடாதீங்க" என்றாள் அவள். "என் பல்லு எனக்குத் தெரியாதா? நீங்க குடுத்த படத்த அழிச்சுட்டேன். நேத்து மத்தியானம் சோபால வாயத் திறந்துட்டுத் தூங்கினீங்களே, அப்ப எடுத்ததத்தான் அனுப்பினேன்."

டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு கையுறையை மாட்டினார். மனைவி நாற்காலியிலிருந்து இறங்கி வந்து கணவரின் தோளைத் தொட்டாள். அவள் கண் லேசாகக் கலங்கியிருந்தது.

"எனக்காக பயத்த விட்டுட்டு இவ்வளவு தூரம் வந்தீங்க. இன்னும் ரெண்டு அடிதான். போய் உக்காருங்க."