ஒத்திகைக்காரர் வாங்கவிருந்த ஜெட் படகு

தம்மிடம் இல்லாத பொருளோடு இத்தனை நேர்மையாகக் குடித்தனம் நடத்துகிற மனிதர், அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி வரைக்கும் சல்லடை போட்டுத் தேடினாலும் இன்னொருவர் அகப்பட மாட்டார். எங்கள் தெருவுக்குத் தண்ணீர் லாரி ஓட்டிவரும் அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது ரேஷன் கார்டோடு நின்றுவிட்டது. ஊருக்கு அவர் ஒத்திகைக்காரர்.

எதையும் வாங்குவதற்கு முன், அது வீட்டுக்கு வந்துவிட்டதாகவே பாவித்துச் சில வாரங்கள் வாழ்ந்து பார்ப்பார். ஒத்துவந்தால்தான் கடைக்குப் போவார். ஃபிரிட்ஜ் வாங்க எண்ணியபோது சமையலறையில் ஒரு காலி பீரோவை நிறுத்தி, அதற்குள் மோரை வைத்து எடுத்துக் குடித்து, "பல்லு கூசுது" என்றார். நாய் வளர்க்க எண்ணியபோது வாசல் கம்பத்தில் வெறும் சங்கிலியைக் கட்டி இரண்டு வேளையும் சோறு வைத்தார். தபால்காரர் அந்தச் சங்கிலியைச் சுற்றிக்கொண்டு போனதைத் தெருவே பார்த்தது. ஃபிரிட்ஜ் வந்தது, நாய் வரவில்லை. "ராவெல்லாம் குரைக்குதுக்கா, தூங்க முடியல" என்று என்னிடம் காரணம் சொன்னார்.

இப்படிப்பட்டவரின் கைப்பேசிக்குள் சென்ற ஐப்பசியில் ஒரு ஜெட் படகு பாய்ந்து வந்தது. நல்ல மழை, திருச்சுழி போகும் வழியிலுள்ள பெரிய கண்மாய் நிறைந்து கிடந்த சமயம். முழங்கால் அளவுத் தண்ணீரிலும் அந்தப் படகு பறந்தது. அடியில் நீரை உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சி அடித்தே ஓடுகிறது என்று கண்டுகொண்டவர், "அக்கா, நம்ம மோட்டார் பம்பப் படுக்க வச்சு மேல சீட்டப் போட்டிருக்கான், அம்புட்டுத்தான்" என்றார். ஏறக்குறைய சரியான விளக்கம். கண்மாயில் ஜனங்களை ஏற்றிச் சுற்றிக்காட்டுவது அவருடைய திட்டம்.

தூத்துக்குடியில் ஒரு தரகரிடம் பழைய படகொன்று இருந்தது. அதை வாங்க லாரியை விற்றாக வேண்டும். எம்.ரெட்டியபட்டிக்காரர் ஒருவர் லாரியைக் கேட்டுக்கொண்டே இருந்தார். எங்கள் தெருவில் எங்கே ஆழ்துளைக் கிணறு போட்டாலும் உப்புத் தண்ணீர்தான். லாரி போனால் குடிநீர் போகும். ஒத்திகைக்காரரின் மனைவி முத்துலட்சுமிக்கோ பிழைப்பே போகும். ஆகவே தெரு முழுவதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்த இல்லாத படகைக் கவனித்து வந்தது.

ஜெட் படகு உங்களுக்கு ஏற்றதுதானா என்று ஆங்கிலத்தில் கேட்டிருந்த ஓர் இணையப் பக்கத்தை என்னிடம் நீட்டிப் படிக்கச் சொன்னார். எங்கே ஓட்டுவீர்கள், எவ்வளவு ஆழம், யார் யார் ஏறுவார்கள் என்று அது கேட்டுக்கொண்டே போயிற்று. அவர் முகம் மலர்ந்தது. "எம்புட்டுப் பொறுப்பாக் கேக்காக பாருங்க! நம்மள மாதிரி ஆளுகதான்."

வேகத்தைக் குறைத்துவிட்டால் இந்தப் படகைத் திருப்ப முடியாது என்றொரு வரி அதில் இருந்தது. மறுநாளே அதை லாரியில் பழகத் தொடங்கினார். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் ஸ்டியரிங்கை அசைக்க மாட்டார். கடைவீதி முனையில் திரும்ப வேண்டிய லாரி, திரும்பாமல் நேரே ஊர்ந்து சென்று ஒரு கொய்யாப்பழ வண்டியை முட்டாத குறையாக நின்றது.

"யோவ், ஸ்டேரிங்க ஒடிக்க மாட்டீரா?" என்று பழக்காரர் அலறினார்.

"வேகம் இல்லாம ஒடிச்சாத் திரும்பாதுப்பா."

"லாரி திரும்பும்யா!"

"லாரி திரும்பும். இது போட்டு, ஜெட் போட்டு."

பழைய சட்டையில் தெர்மாகோல் துண்டுகளைத் தைத்து அணிந்துகொண்டுதான் எங்களுக்குத் தண்ணீர் பிடித்துவிட்டார். "தெருவுலயே முங்கிப் போயிருவமோன்னு இவுகளுக்குப் பயம்" என்றாள் முத்துலட்சுமி. சாயங்காலங்களில் ஒரு வளைந்த கம்பியோடு லாரிக்குப் பின்னால் குந்தியிருப்பார்.

"என்ன பண்றீக?" என்று கேட்டாள் முத்துலட்சுமி.

"உறிஞ்சுற வாயில பாசி அடைச்சுக்கிச்சு."

"இல்லாத போட்டுக்கு எங்கிட்டிருந்து வந்துச்சு பாசி?"

"இல்லாத பாசிதான் வந்துச்சு. நீ உள்ள போ."

இப்படியே மார்கழி வந்துவிட்டது. லாரியைப் பார்க்க எம்.ரெட்டியபட்டிக்காரர் வரவிருந்ததற்கு முந்தின நாள், "நீங்க சொன்னாக் கேப்பாக, கூட வாங்கக்கா" என்று முத்துலட்சுமி என்னையும் கண்மாய்க்கு அழைத்துப் போனாள். ஒத்திகைக்காரர் லாரியை நிறுத்திவிட்டுக் கரையில் அமர்ந்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, மும்முரமாக ஓட்டிக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள், வயற்காட்டுப் பெரியவர் ஒருவர் மம்பட்டியோடு வந்து மடையைத் திறந்தார். தண்ணீர் வாய்க்காலில் இறங்கியது. ஒத்திகைக்காரர் தெர்மாகோல் படபடக்க ஓடினார்.

"மடைய அடைங்கய்யா! தண்ணி வத்துனாப் போட்டு தரை தட்டிரும்!"

"எந்தப் போட்டுப்பா?"

"என் போட்டுதான்."

"எங்க நிக்கிது?"

அவர் கையை நீட்டிக் காட்டினார். பெரியவர் நெற்றியில் கைவைத்து அந்தத் திசையை மரியாதையாகப் பார்த்தார்.

"நல்ல போட்டுதான். பயிரு பால் புடிக்கிற நேரம்ப்பா. செத்த ஓரமா நிப்பாட்டிக்க, தண்ணி போகட்டும்."

ஒத்திகைக்காரர் வாய்க்காலில் ஓடுகிற தண்ணீரை வெகுநேரம் பார்த்தபடி நின்றார். பிறகு லாரியருகில் வந்து என்னிடம் சொன்னார்.

"அக்கா, அந்தத் தண்ணி வயலுக்குப் போகப் போக எனக்கு வயிறு எரிஞ்சுச்சு. குடம் குடமா ஊத்துறவன் நான். அடுத்தவன் பயிரு நனையுறதப் பாத்து எனக்கு வயிறு எரியலாமா? போட்டு வர்றதுக்கு முன்னாடியே இப்படின்னா, வந்தா நான் என்ன ஆளாவேன்? இது நமக்குத் தோதுப்படாது."

"அப்ப வித்துருவமா?" என்றாள் முத்துலட்சுமி.

"எத?"

"போட்டத்தேன்."

"அப்பவே குடுத்துட்டேன். அந்தப் பெரியவருக்கு. சும்மாவே."

அவர் தெர்மாகோல் சட்டையைக் கழற்றி முடிப்பதற்குள் முத்துலட்சுமி எம்.ரெட்டியபட்டிக்குப் போன் போட்டிருந்தாள். "லாரி விக்கலண்ணே. இல்ல, பொங்கலுக்குப் பெறகும் விக்கல."

மறுநாள் காலை லாரியின் ஹாரன் கேட்டதும் தெருவே குடங்களோடு ஓடியது. குழாயைப் பிடித்து நின்ற அவரைப் பார்த்துக்கொண்டிருந்ததில் என் குடம் நிறைந்ததை நான் கவனிக்கவில்லை.

"அக்கா! தண்ணி வீணாப் போகுது, கண்ணு எங்க இருக்கு?" என்று அதட்டினார்.

அந்த அதட்டலை இன்னொரு முறை கேட்பதற்காகவே, அடுத்த குடத்தையும் கொஞ்சம் வழியவிட்டேன்.